மலாயா கணபதி: தூக்குக் கயிற்றுக்கு முன்பே வந்த சட்டம்

1949ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் தேதி, கோலாலம்பூர் புடு சிறையில் எஸ்.ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டார். நாற்பது வயதைக்கூட எட்டாத அவரை மலாயா கணபதி என்றே தமிழ்கூறும் உலகம் இன்றும் அழைக்கிறது. அவர் மீது சாட்டப்பட்ட குற்றம், துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தது. மேடையிலும் மாலை மரியாதையிலும் நினைவுகூரப்படுவதெல்லாம் அந்தத் தூக்குத் தண்டனைதான்.

ஆனால் கணபதியின் கதை துப்பாக்கியில் தொடங்கவில்லை. அவர் கைதாவதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்பே, தொழிலாளர் சார்பில் பேச யாருக்கு உரிமை உண்டு, யாருக்கு இல்லை என்று சட்டமன்றம் தீர்மானித்துவிட்டது. அந்தத் தீர்மானம் அவர் தலைமை வகித்த அமைப்பை ஒரே நாளில் சட்டத்துக்கு வெளியே நிறுத்தியது. அவருடைய வாழ்க்கையைச் சரியாகப் புரிந்துகொள்ள அந்தச் சட்டத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தம்பிக்கோட்டையிலிருந்து சிங்கப்பூருக்கு

கணபதி பிறந்தது 1912ஆம் ஆண்டு, தஞ்சை மாவட்டம் பட்டுக்கோட்டைப் பகுதியில் உள்ள தம்பிக்கோட்டை கிராமத்தில். சிறு வயதிலேயே கடல் கடந்து சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தார். அந்தக் காலத்தில் தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காடு என்று பல மாவட்டங்களிலிருந்தும் கங்காணிமார் ஆள் திரட்டிக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் கித்தாக் காடு. துறைமுகத்திலும் நகராட்சி வேலையிலும் இரயில்வேயிலும் மற்றவர்கள் இருந்தார்கள்.

தோட்டத்தில் வேலை ஒப்பந்தம் என்பது தாளில் இருந்ததைவிடக் கங்காணியின் வாயில்தான் அதிகம் இருந்தது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, லயத்து வீடு, மருத்துவம், பிள்ளைகளுக்குப் பள்ளி ஆகியவற்றுக்கு விதிகள் வகுத்திருந்தது. 1920களின் பிற்பகுதியில் முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று இந்தியத் தொழிலாளருக்குச் சம்பளம் நிர்ணயிக்கப்பட்டது. 1930களில் ரப்பர் விலை விழுந்தபோது அந்தச் சம்பளமும் வெட்டப்பட்டது. தொழிலாளி ஒருவன் குறையிருந்தால் தனியாளாகத் தொழிலாளர் இலாகாவில் முறையிடலாம். பத்துப் பேர் சேர்ந்து தங்களுக்காகப் பேச ஒருவரை அனுப்ப, அந்தச் சட்டத்தில் வழியே இல்லை.

அந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதை 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரம் காட்டியது. ஆர்.எச். நாதன் போன்றோர் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம் கேட்டது. கள்ளுக் கடைகளை மூடு, உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோக விடு, துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து என்பனவும் அந்தக் கோரிக்கைகளில் அடங்கும். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் பரவியது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் மாண்டார்கள். கோரிக்கையை யாரிடம் கொடுப்பது, யார் உட்கார்ந்து பேசுவது என்று சட்டம் வழி சொல்லாத இடத்தில், பேச்சு வீதிக்கு வந்தது.

போர் மாற்றிய மனிதர்கள்

அதே ஆண்டு இறுதியில் ஜப்பான்காரன் வந்தான். துரைமார் தோட்டத்தை விட்டு ஓடினார்கள். பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு, பலர் திரும்பவே இல்லை. இன்னொரு பக்கம் நேதாஜி சுபாஷ் சந்திர போசின் இந்திய தேசிய ராணுவத்தில் தோட்டத்து இளைஞர்கள் சேர்ந்தார்கள். ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் சேர்ந்தார்கள். கணபதியும் இந்திய தேசிய ராணுவத்தில் பணியாற்றினார்.

1945இல் பிரிட்டிஷார் திரும்பி வந்தபோது அவர்கள் கண்டது பழைய தொழிலாளியை அல்ல. அணிவகுக்கத் தெரிந்த, கூட்டம் நடத்தத் தெரிந்த, துரையை நிமிர்ந்து பார்க்கத் தெரிந்த ஒரு தலைமுறை தோட்டங்களில் இருந்தது. அரிசி கிடைக்கவில்லை, துணி கிடைக்கவில்லை. சம்பளமோ போருக்கு முந்திய கணக்கிலேயே பேசப்பட்டது. இந்தச் சூழலில்தான் தொழிற்சங்கங்கள் முளைத்தன. முதலில் பொதுத் தொழிலாளர் சங்கம், பிறகு 1946இல் அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனம் என்று அது வளர்ந்தது. சீனரும் இந்தியரும் மலாய்க்காரரும், தோட்டமும் ஈயச் சுரங்கமும் துறைமுகமும் ஒரே குடையின் கீழ் வந்தது அதுவே முதன்முறை. அந்தச் சம்மேளனத்தின் தலைவர் பொறுப்புக்குக் கணபதி வந்தார்.

1947இல் சம்மேளனம் காட்டிய உறுப்பினர் கணக்கு 263,000ஐத் தாண்டியது. தஞ்சையிலிருந்து வந்த ஒரு தமிழர், பெரும்பான்மை சீனத் தொழிலாளரைக் கொண்ட நாடு தழுவிய அமைப்பின் தலைவராக இருந்தார் என்பதை இன்றைய தலைமுறை சற்று நிதானித்து நினைத்துப் பார்க்க வேண்டும். தோட்டம் தோட்டமாக, இனம் இனமாகப் பிரிந்து கேட்டால் சம்பளம் உயராது என்பதுதான் சம்மேளனத்தின் அடிப்படைக் கணக்கு. இந்தியருக்குக் குறைந்த கூலி, சீனருக்குக் கூடிய கூலி என்று இருக்கும்வரை ஒருவரைக் காட்டி மற்றவரை அடக்கலாம் என்பதை முதலாளிமாரும் அறிந்திருந்தார்கள்.

மறைக்கக் கூடாத இன்னொரு பக்கமும் உண்டு. சம்மேளனம் மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் செல்வாக்கில் இயங்கியது. கணபதியும் அந்தக் கட்சியைச் சார்ந்தவர். சம்மேளனத்தில் சேர்ந்த எல்லாத் தொழிலாளரும் கம்யூனிஸ்டுகள் அல்லர். சம்பளம், அரிசி, மரியாதை இவற்றுக்காகச் சந்தா கட்டியவர்களே மிகுதி. ஆயினும் கட்சியின் திட்டம் ஒரு பக்கமும் தோட்டத்து மனிதரின் தேவை ஒரு பக்கமும் இழுத்தது உண்மை. சில இடங்களில் மிரட்டலும் அடிதடியும் நடந்ததும் உண்மை. அரசாங்கம் பின்னால் கொண்டுவந்த சட்டத்துக்கு அதையே காரணமாகக் காட்டியது.

பதிவு என்னும் வாசல்

தொழிற்சங்கம் என்றால் அது பதிவு பெற்றிருக்க வேண்டும் என்ற விதி மலாயாவுக்கு 1940ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தோடு வந்தது. போர் குறுக்கிட்டதால் 1946இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. பதிவு இருந்தால்தான் சங்கம் சட்டப்படி சங்கம். பதிவு தருவதும் மறுப்பதும் பறிப்பதும் பதிவாளர் கையில். சங்கப் பணத்தை அரசியலுக்குச் செலவிடக் கூடாது, கணக்கைக் காட்ட வேண்டும். சங்கங்களை அரசியலிலிருந்து விலக்கி வளர்க்கவென்று பிரிட்டனிலிருந்து ஜான் பிரேசியர் என்ற தொழிற்சங்க ஆலோசகரும் அனுப்பப்பட்டார்.

பதிவு என்பது ஒரு வாசல். உள்ளே வந்தால் பாதுகாப்பு உண்டு. வேலைநிறுத்தம் செய்தால் சதி என்று வழக்குப் போட முடியாது, சங்கத்தின் பேரில் பேச்சு நடத்தலாம். ஆனால் வாசலின் சாவி யாரிடம் இருக்கிறதோ, அவர் நினைத்தால் கதவைச் சாத்தலாம்.

தோட்டப்புறத்தில் சட்டத்துக்கு இன்னொரு முகமும் இருந்தது. தொழிலாளி குடியிருந்த லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். சங்கத்து ஆள் லயத்துக்கு வந்து கூட்டம் போட வேண்டுமானால் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. சங்கம் சேரும் உரிமை தாளில் இருந்தாலும், சங்கமும் தொழிலாளியும் சந்திக்கும் இடம் முதலாளியின் நிலமாகவே இருந்தது.

1947ஆம் ஆண்டு கெடாவில் நடந்தவை இந்த இறுக்கத்தின் விளைவு. கள்ளை எதிர்த்தும் ஒழுக்கத்தை வலியுறுத்தியும் ஏ.எம். சாமி முன்னின்ற தொண்டர் படை அங்கு தோட்டந்தோறும் பரவியிருந்தது. பீடோங் வட்டாரத்தில் ஹார்வர்ட் தோட்டத் தொழிலாளர்கள் போலீசாரால் கடுமையாகத் தாக்கப்பட்டுக் கூட்டமாகக் கைதானார்கள். டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். தோட்டத் தகராறு என்றாலே போலீஸ் வண்டி என்ற நிலை வந்துவிட்டது.

மூன்று விதிகள்

1948 மே 31ஆம் தேதி, கூட்டரசின் சட்டமன்றம் தொழிற்சங்கச் சட்டத்துக்குத் திருத்தம் நிறைவேற்றியது. திருத்தம் நீளமானதல்ல. அதன் சாரம் மூன்று விதிகள்.

முதலாவது, ஒரே தொழிலை அல்லது ஒரே துறையைச் சேர்ந்த சங்கங்கள் மட்டுமே கூட்டாகச் சேர்ந்து சம்மேளனம் அமைக்கலாம். தோட்டமும் துறைமுகமும் சுரங்கமும் ஒரே சம்மேளனத்தில் இருக்க முடியாது. இரண்டாவது, செயலாளரைத் தவிர மற்றப் பொறுப்பாளர் ஒவ்வொருவரும் அந்தத் தொழிலில் குறைந்தது மூன்றாண்டு வேலை செய்தவராக இருக்க வேண்டும். மூன்றாவது, மிரட்டிப் பணம் பறித்தல், அச்சுறுத்தல் போன்ற குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர் பொறுப்பு வகிக்க முடியாது.

படிக்கும்போது ஒவ்வொரு விதியும் நியாயமாகவே தோன்றும். பால் வெட்டத் தெரியாதவர் பால்மரத் தொழிலாளிக்குத் தலைவராகலாமா என்று கேட்டால், யாரும் தலையசைக்கத்தான் செய்வார்கள். ஆனால் 1948ஆம் ஆண்டின் தோட்டத்தில் வைத்துப் பார்த்தால் அதன் பொருள் வேறு. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மாலைவரை காட்டில் உழைத்து, எழுத்தறிவு வாய்க்காமல் லயத்தில் வாழ்ந்த தொழிலாளிக்கு, துரையின் எதிரில் உட்கார்ந்து கணக்குப் பேச வெளியிலிருந்து ஒருவர் தேவைப்பட்டார். தோட்டத்துக்குள்ளிருந்தே ஒருவர் முன்வந்தால் அடுத்த வாரம் அவருக்கு வேலையும் இருக்காது, வீடும் இருக்காது. வெளியாளை விலக்கும் விதி, உள்ளிருப்பவரைக் காப்பாற்றும் விதியோடு சேர்ந்து வரவில்லை.

மூன்றாவது விதியும் அப்படித்தான். வேலைநிறுத்தத்தின்போது போடப்பட்ட வழக்குகளில் அச்சுறுத்தல் என்பது அடிக்கடி வரும் குற்றச்சாட்டு. போராட்டத்தில் முன்னின்றவர்களே அதில் அதிகம் சிக்கினார்கள்.

ஜூன் மாத நடுப்பகுதியில் திருத்தம் நடைமுறைக்கு வந்ததும், கணபதி தலைமையிலான சம்மேளனம் சட்டப்படி இயங்கும் உரிமையை இழந்தது. அலுவலகங்கள் மூடப்பட்டன. ஜூன் 16ஆம் தேதி பேராக் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த இரு நாள்களுக்குள் நாடெங்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். அவசரகாலம் வந்ததால் சம்மேளனம் தடுக்கப்படவில்லை. சம்மேளனம் தடுக்கப்பட்ட பிறகுதான் அவசரகாலம் வந்தது. ஆயுதப் போராட்டத்துக்குக் கட்சி ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டதா, சட்டம் அவர்களைக் காட்டுக்குத் தள்ளியதா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்று தெளிவு. தொழிலாளர் பேரில் வெளிப்படையாகப் பேசிய ஒரு பெரிய அமைப்புக்கு அந்த ஜூன் மாதத்துக்குப் பிறகு நாற்காலி போட மேசையே இல்லை.

ஆயிரக்கணக்கானோர் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டார்கள். பலர் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் நாடு கடத்தப்பட்டார்கள். சங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவை இழந்தன. ஓராண்டுக்குள் நாட்டின் தொழிற்சங்க உறுப்பினர் தொகை பாதிக்கும் கீழே விழுந்தது. கணபதி தலைமறைவானார்.

அறுபத்து நான்கு நாள்கள்

1949 மார்ச் 1ஆம் தேதி, சிலாங்கூர் ரவாங் அருகே வாட்டர்ஃபால் தோட்டப் பகுதியில் கணபதி பிடிபட்டார். அவரிடம் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் இருந்ததாக வழக்கு. துப்பாக்கி வழியில் கிடைத்தது, அதைப் போலீசில் ஒப்படைக்கத்தான் போய்க்கொண்டிருந்தேன் என்பது அவர் தரப்பு. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அவசரகால விதிகளின்படி, உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்த குற்றம் நிரூபணமானால் மரணமே தண்டனை. நீதிபதி குறைக்க நினைத்தாலும் குறைக்க இடமில்லை. மார்ச் 15ஆம் தேதி கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது.

சுதந்திரம் பெற்று இரண்டாண்டுகூட ஆகாத இந்தியாவின் அரசாங்கம் தண்டனையைக் குறைக்கும்படி கேட்டது. மலாயாவில் இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதியாக இருந்த ஜான் திவியும் முயன்றார். பலன் இல்லை. கைதான நாளிலிருந்து அறுபத்து நான்காம் நாள் கணபதி தூக்கிலிடப்பட்டார். அதற்கு முதல் நாள், மே 3ஆம் தேதி, அவருடைய தோழரும் தொழிற்சங்கத் தலைவருமான வீரசேனன் பாதுகாப்புப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். இருபத்து நான்கு மணி நேரத்தில் மலாயாத் தமிழர் இரண்டு தலைவர்களை இழந்தார்கள்.

அதே காலத்தில் இதே போன்ற ஆயுத வழக்கில் மரண தண்டனை பெற்ற இன்னொரு தமிழர் சாம்பசிவம். அவர் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. 1950இல் அங்கே அவருடைய தண்டனை நீக்கப்பட்டது. ஒரு மேல்முறையீட்டுக்குக் கிடைக்கும் கால அவகாசம் எத்தகையது என்பதை இவ்விரு பெயர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

செய்தி தமிழ்நாட்டைச் சென்றடைந்ததும் அங்கே கண்டனக் குரல் எழுந்தது. பின்னாளில் முதலமைச்சரான மு. கருணாநிதி அவரைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார்.

பின்னால் வந்தவர்களும் மிஞ்சிய விதிகளும்

கணபதியோடு தொழிற்சங்கம் சாகவில்லை. வேறு பாதையில் அது மறுபடி எழுந்தது. 1950இல் உருவான மலாயா தொழிற்சங்க மன்றத்தின் முதல் தலைவர் பி.பி. நாராயணன். 1954இல் பல தோட்டச் சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆனபோது அதன் பொதுச் செயலாளரும் அவரே. அவர்கள் பதிவு என்ற வாசலுக்குள் நின்று, முதலாளிமார் சங்கத்தோடு மேசையில் உட்கார்ந்து கூட்டு ஒப்பந்தங்கள் போட்டார்கள். 1951இல் ஊழியர் சேமநிதி, 1955இல் வேலைச் சட்டம், 1967இல் தொழில் உறவுச் சட்டம் என்று ஒவ்வொன்றாக வந்தன. இன்று ஒரு சங்கம் முதலாளியிடம் அங்கீகாரம் கேட்டால் 21 நாள்களுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கையெழுத்தான கூட்டு ஒப்பந்தம் தொழில் நீதிமன்றத்தின் ஏற்பைப் பெற்றுவிட்டால் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். 1941இல் கிள்ளானில் இல்லாத மேசை அதுதான்.

ஆனால் 1948ஆம் ஆண்டு விதிகளின் நிழல் அவசரகாலத்தோடு போய்விடவில்லை. 1960இல் அவசரகாலம் முடிந்தது. 1959ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமோ, ஒரே தொழில், ஒரே துறை என்ற கட்டுப்பாட்டைத் தொடர்ந்து வைத்திருந்தது. பல துறைச் சங்கங்களை ஒன்றுசேர்க்கும் மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ், தொழிற்சங்கச் சட்டத்தின் கீழ் அல்லாமல் சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றதற்குக் காரணம் இதுவே. உறுப்புச் சங்கங்களின் பேரில் அது குரல் கொடுக்கலாம், தானே கூட்டு ஒப்பந்தம் போட முடியாது. பொறுப்பாளருக்கு மூன்றாண்டு வேலை அனுபவம் என்ற விதி பின்னர் ஓராண்டாகக் குறைந்தது. ஒரே தொழில் என்ற வேலியைத் தளர்த்தும் திருத்தம் 2024இல்தான் அமலுக்கு வந்தது. கணபதி தூக்கிலிடப்பட்டு அப்போது 75 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கணபதியை வீரர் என்று போற்றுவோரும் உண்டு, அவர் தேர்ந்த பாதையை ஏற்காதோரும் உண்டு. அந்த விவாதம் தொடரட்டும். தோட்டம் விற்கப்பட்டு நகருக்கு வந்து, இன்று தொழிற்சாலையிலும் பாதுகாவலர் வேலையிலும் ஒப்பந்த ஊழியராக இருக்கும் பிள்ளைகளுக்கு அவர் வாழ்க்கையிலிருந்து எடுத்துச் சொல்ல வேண்டியது வேறு. சம்பளத்தையும் விடுமுறையையும் பற்றிச் சொல்லும் பிரிவுகளை எல்லாரும் தேடிப் படிப்பார்கள். சங்கத்தில் யார் சேரலாம், யார் பொறுப்பு வகிக்கலாம், யாரோடு யார் கூட்டுச் சேரலாம் என்று சொல்லும் பிரிவுகளை யாரும் புரட்டுவதில்லை. 1948 மே மாதத்தில் மாற்றப்பட்டவை அந்தப் பிரிவுகள்தாம்.